குறும்படம் எடுக்கக் கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில்?

தமிழக அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. முதல் படமாக சார்லி சாப்ளினின் 'தி கிட்' காட்டப்பட்டது. பார்த்துவிட்டுக் கலைந்து போவதற்காக அல்ல. பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச வேண்டும், விமர்சனம் எழுத வேண்டும். கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்த பிள்ளையோ, தானே ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். பென்னாகரம் போன்ற சிற்றூர்களிலும் வீட்டுக்கு வீடு செல்போன் இருப்பதால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு படம் எடுக்கிறான். அப்போதுதான் பெற்றோருக்கு அச்சம் வருகிறது. "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று கேட்கிறார்கள்.

உருவப்படம் பற்றிய மஸ்அலாவில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது புதிதல்ல. எகிப்தின் முஃப்தியாக இருந்து 1935-இல் மறைந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, கேமரா எதையும் புதிதாகப் படைப்பதில்லை, நிழலைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே என்று கூறி அனுமதித்தார். தேவ்பந்த் வழிவந்த மூத்த உலமாக்கள் பலர் புகைப்படத்தைத் தடுத்தார்கள். அதே வழியில் வந்த முஃப்தி தகீ உஸ்மானி, திரையில் தோன்றி மறையும் டிஜிட்டல் காட்சி காகிதத்தில் நிலைத்த உருவத்துக்குச் சமமல்ல என்றார். பேணுதலாக ஒதுங்கி நிற்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், வீட்டில் இரவு பத்து மணி வரை சீரியல் ஓடவிட்டு, பிள்ளை ஐந்து நிமிடப் படம் எடுக்கக் கேட்கும்போது மட்டும் மார்க்கத்தை நினைவுகூர்வது எந்தப் பேணுதல் என்று எனக்குப் புரியவில்லை.

படம் எடுக்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கத்து உதாரணமே இருக்கிறது. பென்னாகரத்தைத் தாண்டினால் ஒகேனக்கல். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' பாடலின் பெரும்பகுதி அங்கேதான் எடுக்கப்பட்டது. அருவியும் பாறையும் அவ்வளவு அழகாகக் காட்டப்பட்ட அதே படத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. தேசியக் கொடி எரிகிறது. நாயகன் அதன் மேல் விழுந்து தீயை அணைக்கிறான். இடையிடையே தீவிரவாதிகளின் தலைவர் தொழுதுகொண்டிருப்பது காட்டப்படுகிறது. தொழுகைக்கும் தீ வைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் வசனம் பேசவில்லை. இரண்டையும் ஒட்டி வைத்ததே போதும், பார்ப்பவர் மனம் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

இந்த வித்தைக்கு வயது நூறு ஆகிவிட்டது. ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்து, அதை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், இன்னொருமுறை சவப்பெட்டியோடும் இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றுதான். ஆனால் பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துக்கத்தையும் கண்டார்கள். தொப்பி அணிந்த ஒருவரைக் காட்டி, அடுத்த துண்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் காட்டினால் என்ன தோன்றும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. செல்போனில் நாலு துண்டுகளை வெட்டி ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு இது ஒரே மாலையில் விளங்கிவிடும். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. இன்று செய்தி காட்சியாக வரும்போது, விசாரிக்கத் தெரிவதற்கு இதுவும் ஒரு பாடம்.

இந்தப் பாடம் இல்லாததால் நாம் எப்போதும் படம் வெளியான பிறகே விழிக்கிறோம். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வந்தபோது நம் அமைப்புகள் போராடின, அரசு தடை விதித்தது. சில இடங்களில் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்ட பின் பிப்ரவரி 7-இல் படம் வெளியானது. 2023 மே மாதம் 'தி கேரளா ஸ்டோரி' வழக்கில், 32,000 என்ற எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்ற அறிவிப்பைச் சேர்ப்பதாகத் தயாரிப்பாளர் தரப்பே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எதிர்ப்பும் வழக்கும் தேவைதான். ஆனால், நம்மைப் பற்றி நாமே சொன்ன படம் எத்தனை?

டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் 1982-இல் தொடங்கப்பட்ட, அன்றைய துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாயின் பெயரைத் தாங்கியுள்ள மக்கள் தொடர்பியல் ஆய்வு மையம் இதற்கு ஒரு பதில். மாணவர்கள் அங்கே குழுவாகப் படம் எடுத்தே பாடம் கற்கிறார்கள். 'பஜ்ரங்கி பாய்ஜான்' இயக்குநர் கபீர் கானும், புலிட்சர் விருது பெற்று 2021-இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட புகைப்படச் செய்தியாளர் தானிஷ் சித்தீகியும் அங்கே படித்தவர்கள்தான்.

நம் பிள்ளைக்குக் கதைக்காக டெல்லி போக வேண்டியதில்லை. ஈரானில் சிறுவர்களுக்கான அரசு நிறுவனத்தில் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970-இல் எடுத்த முதல் குறும்படத்தில் கதை இவ்வளவுதான்: ரொட்டி வாங்கி வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. நம் பக்கத்தில் அதைவிடக் கனமான கதைகள் தெருவிலேயே கிடக்கின்றன. தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் கறை படிந்து வாழ்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. குடம் சுமந்த பாட்டியிடம் பேச ஐந்து நிமிடம் போதும். பெங்களூருக்கு வேலைக்குப் போன வாப்பா, அருவியில் நீர் பெருகியதும் பரிசலைக் கவிழ்த்து வைத்துக் காத்திருப்பவர், வீட்டில் தக்னி உருதும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளை என்று இன்னும் எத்தனையோ.

அருவிக்கரையில் பேச்சைப் பதிவு செய்ய முயன்றால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஒலியைத் தனியே எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இதையெல்லாம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வேறொன்றும் தெரியும்: பாட்டி சொன்ன அரைமணி நேரப் பேச்சில் எதை வெட்டுவது, வெட்டியதால் அவர் சொல்லாததைச் சொன்னது போல் ஆகிவிடுமா என்ற கேள்வி. அது அமானிதம் சம்பந்தப்பட்டது. பிள்ளையோடு உட்கார்ந்து பேசவேண்டிய இடம் அதுதான், செல்போனைப் பிடுங்கும் இடமல்ல. ஒருவரை எடுக்குமுன் அனுமதி கேட்பது, எடுத்ததை அவருக்குக் காட்டுவது, பெண்கள் வேண்டாம் என்றால் குரலை மட்டும் பதிவது, பிறர் குறையை வேடிக்கையாக்காமல் இருப்பது ஆகியவற்றை முதலிலேயே சொல்லி வையுங்கள். பெண் பிள்ளைகள் கதை எழுதலாம், எடிட்டிங் செய்யலாம், வீட்டிலிருந்தே முடியும்; அவர்களை விட்டுவிட்டால் நம் வீட்டுப் பெண்களின் கதையை வேறு யாரோதான் சொல்வார்கள்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: இருக்கும் செல்போன் போதும், எடிட்டிங் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கலாம். படப்பிடிப்பை அஸர் தொழுதபின் வைத்துக்கொண்டால், மக்ரிப் வரை வெளிச்சமும் இதமாக இருக்கும்.