தேளின் கொடுக்கும் பறவையின் சிறகும்

படம் நிறைந்த நூலைப் பிள்ளைகள் கையில் கண்டவுடன், "எழுத்துள்ள புத்தகம் எதையாவது படிக்கலாகாதா?" என்று வினவும் பெரியோர் பலர் உளர். படிக்க இயலாதார்க்கு இடப்பட்ட ஊன்றுகோலே படம் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பிழை என்பதைக் காட்ட, 2011ஆம் ஆண்டில் தில்லியிலிருந்து வெளிவந்த 'பீமாயணா' என்னும் சித்திர நூல் ஒன்றே போதும்.

அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையால் உற்ற துயரங்களை அந்நூல் கூறுகிறது. கதையை எழுதியோர் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் ஆவர். ஓவியம் தீட்டியோர் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர். இவ்விருவரும் மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு மரபினர். யாழ் மீட்டிப் பாடிய நம் பண்டைப் பாணரைப் போலவே, அம்மரபினரும் நரம்புக்கருவி இசைத்துக் கதை பாடியவர்களே.

படக்கதை என்றால் கட்டங்கள் இருக்கும். இவ்வோவியர்களோ கட்டம் வரைய மறுத்துவிட்டனர்; பெட்டிக்குள் அடைத்தால் கதைமாந்தர்க்கு மூச்சு முட்டும் என்பது அவர்கள் கருத்து. மனிதரை வேலியிட்டு விலக்கிய கொடுமையைச் சொல்லும் நூலில் இதைவிடப் பொருத்தமான முடிவு வேறில்லை. கோண்டு மக்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் இடும் 'திக்னா' என்னும் கோலமே பக்கங்களில் வளைந்தோடிக் காட்சிகளைப் பிரிக்கிறது. பேச்சைத் தாங்கும் குமிழிகளும் புதியன. வன்சொல் பேசுவோரின் குமிழிக்குத் தேளின் கொடுக்கு உண்டு. இன்சொல்லோ பறவை வடிவில் வருகிறது. மனத்துள் எழும் எண்ணத்திற்கு ஒரு கண் வரையப்பட்டுள்ளது. யார் எத்தகையவர் என்பதைச் சொற்களைப் படிக்குமுன்பே கண் அறிந்துகொள்கிறது.

பள்ளியில் சிறுவன் பீமன் குழாயைத் தொடலாகாது. ஏவலர் வந்து திறந்துவிட்டால்தான் நீர். அவர் வாராத நாளில் தாகமே மிச்சம். இதனை ஒரு வரியில் எழுதிவிடலாம். படிப்பவரும் ஒரு நொடியில் கடந்துவிடுவர். ஓவியர்களோ தாகத்தால் வாடும் சிறுவனின் உடலையே மீனாக்கிவிட்டனர். நீரின்றித் தவிக்கும் மீனை அறியாதார் யார்? அப்பக்கத்தை விரைந்து புரட்ட எவர்க்கும் கை வாராது.

கட்டங்கள் இல்லாமையால் அடுத்து எங்கே நோக்குவது என்று கண் தடுமாறுகிறது எனச் சிலர் குறை கூறலாம். அது ஓரளவு உண்மையே. ஆயினும் தடுமாறி நிற்கும் கண்தான் கூர்ந்து பார்க்கிறது. உண்மையில் நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. பேருந்து நிறுத்தத்தில் இக்காலத்தவர் இருவர் இடஒதுக்கீடு குறித்து உரையாடும் பகுதிகள் சற்றே வகுப்பறை விளக்கம்போல ஒலிக்கின்றன. ஓவியங்கள் அவ்வாறு விளக்க முற்படுவதில்லை.

1927ஆம் ஆண்டில் மகாடு நகரின் பொதுக்குளத்து நீரை அனைவரும் பருகும் உரிமைக்காக அம்பேத்கர் மக்களைத் திரட்டினார். அங்கு அவர் உரையாற்றும் காட்சியில் ஒலிபெருக்கிகள் பூவாளிகளாக மாறுகின்றன. அவற்றினின்று பொழியும் நீரில் கூடியிருந்தோர் அனைவரும் நனைகின்றனர்.