தலையெழுத்தும் உயிரெழுத்தும்

பிரமன் எழுதிய எழுத்தைத் திருத்த ஒருவராலும் ஆகாது என்கின்றார்கள். அவ்வெழுத்தைக் கண்டவர் யார் என்று கேட்டால் மாத்திரம் பதில் இல்லை.

ஆனால் படிக்கவும், எண்ணவும், திருத்தவும் கூடிய எழுத்து ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற சரட்டில் நான்கு ரசாயனப் பொருள்கள் எழுத்துக்களைப்போல் வரிசையாய் நிற்கின்றன.

அமெரிக்காவில் கிரெய்க் வெண்டர் என்பவர் பள்ளியில் மார்க்குக் குறைந்த மாணாக்கராயிருந்து, வியட்நாம் யுத்தத்தில் கடற்படை ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்து, அதன் பிறகே படித்து விஞ்ஞானியானவர். 1995-ல் அவரும் கூட்டாளிகளும் ஒரு கிருமியின் எழுத்து முழுவதையும் படித்தார்கள். 2010-ல் சுமார் 10,80,000 எழுத்துக்களை ரசாயனத்தால் செய்வித்துக் கோத்து, வேறொரு கிருமியின் உடலுக்குள் வைத்தார்கள். அது புது எழுத்தின்படியே வாழ்ந்து பெருகிற்று.

அதற்கு முன் ஒரே ஒரு எழுத்து விடுபட்டதால் வேலை மாதக்கணக்கில் தடைப்பட்டது. மந்திரம் பலிக்காவிட்டால் புரோகிதர் பக்தன்மேல் குற்றம் சுமத்துவார். இவர்களோ தங்கள் பிழையைத் தேடித் திருத்தினார்கள்.

கிருமியின் உடல் முன்பே இருந்தது. ஆகையால் சூனியத்திலிருந்து உயிரைப் படைத்துவிட்டதாக நாம் சொன்னால் அதுவும் ஒரு புராணமே. 2016-ல் 473 ஜீன்களோடு மட்டும் வாழும் கிருமியைச் செய்தபோது, அவற்றில் 149-ன் வேலை இன்னதென்று தெரியவில்லை என அவர்களே எழுதி வைத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்றெழுதிய புராணிகர் உண்டா?

ஆகவே தோழர்களே, பிரமனை இறக்கிவிட்டு வெண்டரைப் பீடத்தில் ஏற்ற வேண்டியதில்லை. ஏழையின் பசிக்கும் பெண்ணின் அடிமைத்தனத்துக்கும் தலையெழுத்தே காரணம் என்று எவனாவது சொன்னால், "எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்று கேளுங்கள், அது போதும்.