திமிரா, வலியா?

புடவை கட்டும் பெண்களுக்குப் பாவாடை நாடாவைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டு அவசரத்தில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, பந்தி விசாரித்து, வந்தவர்களை உபசரித்து, இரவு பத்து மணிக்கு அதை அவிழ்க்கும்போது ஒரு பெருமூச்சு வருமே, அதன் அருமை அநுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்த கோடு மறுநாளும் மறையாது. அன்று மாலை யாராவது ஏதாவது கேட்டால் வள்ளென்று விழத் தோன்றும். "என்ன, இன்றைக்கு இப்படி எரிந்து விழுகிறாள்?" என்று வீட்டார் ஆச்சரியப்படுவார்கள். நாடாவின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது!

குதிரையின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பகுதியில் குதிரை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? பெங்களூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பெண் கல்லூரியில் படித்துக்கொண்டே குதிரை ஏற்றமும் பழகுகிறாள். அவளுக்குக் கொடுத்திருக்கும் பெட்டைக் குதிரை சேணத்தை வைக்கும் வரையில் பசு மாதிரி நிற்கிறதாம். வயிற்று வாரைப் பிடித்து இழுத்ததுமே காதைப் பின்னுக்கு மடக்குகிறது. வாலைச் சுழற்றி அடிக்கிறது. தலையைத் திருப்பிக் கடிக்க வருகிறது. "எல்லாம் திமிர் அம்மா! நாலு போட்டால் சரியாகிவிடும்" என்கிறாராம் லாயத்துக் குதிரைக்காரர். பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. சேர்த்து வைத்த பணத்தில் மெத்தென்று ஒரு வார் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறாள். "எந்த மாதிரி வார் நல்லது? கூச்சமுள்ள குதிரைக்கு ஒத்துக்கொள்ளுமா? குழந்தையைக் கடித்துவிட்டால் என்ன செய்வது?" என்று தாயார் கவலைப்படுகிறார்.

நியாயமான கவலைதான். வாரைப் பற்றிச் சொல்கிறேன், சகோதரி. அதற்கு முன்னால் அந்தக் குதிரையின் கட்சியையும் கொஞ்சம் கேட்டுவிடுவோம்.

எங்கே அழுத்துகிறது?

சேணம் நழுவாமல் இருப்பதற்காக, குதிரையின் உடலுக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் பக்கிள் மாட்டி இறுக்குகிற பட்டைதான் வயிற்று வார். பெயர்தான் வயிற்று வாரே தவிர, அது படிவது முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பெலும்பின் மேல். ஆங்கிலத்தில் இதற்குக் 'கர்த்' என்று பெயர். ஹிந்துஸ்தானியில் 'தங்' என்பார்கள். அந்தப் பாஷையில் 'தங்' என்றால் இறுக்கம் என்றும் அர்த்தம் உண்டு. தொந்தரவு என்றும் அர்த்தம் உண்டு. பெயர் வைத்தவர் குதிரையைக் கலந்து கொண்டுதான் வைத்திருக்க வேண்டும்!

ஒரு சின்ன ஈ வந்து உட்கார்ந்தால் போதும், குதிரை அந்த இடத்துத் தோலை மட்டும் வெடுக்கென்று சிலிர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈயின் பாரம் தெரிகிற தோலுக்கு இறுக்கிய வாரின் விளிம்பு தெரியாமல் இருக்குமா?

இன்னொரு விஷயம். நமக்குத் தோளில் காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது கிடையாது. அதன் முன்னங்கால்கள் உடம்போடு சேர்ந்திருப்பது வெறும் தசைகளாலும் நார்களாலும்தான். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தத் தசைகள் வாருக்கு அடியில் முன்னும் பின்னுமாக அசைகின்றன. 2013ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சில ஆராய்ச்சியாளர்கள், அழுத்தத்தை அளக்கும் மெல்லிய விரிப்பை வாருக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். அடிப்பக்கத்தில், மார்பெலும்பின் மேல்தான் அழுத்தம் அதிகம் என்று நாம் நினைப்போம். ஆனால் முன்னங்கால் உடம்போடு சேருகிற மூட்டுக்குப் பின்னால், இரண்டு பக்கத்துத் தசைகளின் மேல்தான் அது உச்சமாக இருந்தது! அந்த இடத்தை விட்டுக் கொடுக்கும்படி வாரின் வடிவத்தை மாற்றியதும், குதிரைகள் முன்னங்காலை இன்னும் எட்டி வீசி நடந்தன.

இறுக்கத்தால் பலன் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1999இல் ஆஸ்திரேலியாவில், ஓடும் பட்டை இயந்திரத்தின் மேல் பந்தயக் குதிரைகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். வாரை இறுக்க இறுக்க, குதிரைகள் சீக்கிரம் களைத்துப் போயின.

கோபத்துக்குக் காரணம்

ஆகவே, வார் கட்டும்போது காட்டும் கோபத்தைத் திமிர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக் கூடாது. ஏறி ஓட்டும்போது குதிரை காட்டும் இருபத்து நான்கு குறிகளை 2018இல் இங்கிலாந்தில் ஒரு பெண் கால்நடை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் பட்டியல் போட்டார்கள். காதை மடக்குவது, வாலை அடிப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது எல்லாம் அதில் சேர்ந்தவை. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால், உடம்பில் எங்கோ வலி இருக்கக்கூடும் என்று அர்த்தம்.

இதை நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே ஒரு பெண்மணி உணர்ந்திருந்தார். அவர் பெயர் அன்னா ஸூவெல். பதினான்கு வயதில் விழுந்து கணுக்காலில் அடிபட்டதிலிருந்து அவரால் சரியாக நடக்க முடியவில்லை. வெளியே போக வேண்டுமானால் குதிரை வண்டிதான் கதி. வாழ்நாள் பூராவும் குதிரைகளின் கால்களால் நடந்தவர், கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்துகொண்டு 'பிளாக் பியூட்டி' என்ற ஒரே ஒரு நாவலை எழுதினார். 1877இல் அது வெளிவந்தது. அடுத்த வருஷமே அவர் காலமானார். அந்தக் கதையில் ஜிஞ்சர் என்று ஒரு பெட்டைக் குதிரை வருகிறது. கடிக்கிற குதிரை என்று அதற்குக் கெட்ட பெயர். ஏன் கடித்தது என்பதை அதன் வாயாலேயே சொல்ல வைக்கிறார் அன்னா ஸூவெல். குதிரையின் கழுத்தை அண்ணாந்தே இருக்கும்படி இழுத்துக் கட்டும் வாருக்கு எதிராக ஊர் பேச ஆரம்பித்ததற்கு அந்தப் புஸ்தகமும் ஒரு காரணம்.

பெங்களூர்க் குதிரை பேசாது. ஆகையால் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலில் தோலைப் பாருங்கள். வார் படுகிற இடத்தில் மயிர் உதிர்ந்திருக்கிறதா? கையால் தடவினால் புண், தடிப்பு, வியர்வை காய்ந்த பொருக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா? வட்டமாகப் படை இருக்கிறதா? ஒரு குதிரையின் வாரை இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் போட்டால் படை தொற்றிக்கொள்ளும். புண் இருந்தால் அது ஆறும் வரையில் எந்த வாரும் வேண்டாம், சவாரியும் வேண்டாம்.

அடுத்தது வயிறு. குதிரையின் வயிற்றில் இரவும் பகலும் ஓயாமல் அமிலம் சுரக்கிறது. அதை ஆற்றுவது உமிழ்நீர். உமிழ்நீரோ, மென்று தின்னும்போதுதான் ஊறும். மேய்ச்சலில் விட்டால் நாளுக்குப் பதினாறு மணி நேரம்கூட மேய்கிற பிராணி அது. அதை லாயத்தில் கட்டிப் போட்டு, வேளாவேளைக்குக் கொள்ளும் தானியமும் வைத்துவிட்டு, நடுவில் வெறும் வயிறாக நிறுத்தினால் என்ன ஆகும்? வயிற்றில் புண்தான் ஆகும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த உபாதை உண்டு. இப்படிப்பட்ட குதிரை வாரைக் கண்டாலே வெறுக்கும். மூக்கு வழியாக நீண்ட குழாயை விட்டுக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார், மருந்தும் இருக்கிறது. சவாரிக்கு முன்னால் கொஞ்சம் புல்லோ குதிரை மசாலோ தின்னக் கொடுப்பது எந்தக் குதிரைக்கும் நல்லது.

மூன்றாவது சேணம். முதுகுக்குப் பொருந்தாத சேணம் நழுவும். நழுவுகிறதே என்று வாரை இன்னும் இறுக்குவார்கள். அளவு தப்பிய ரவிக்கைக்கு ஊக்கு ஊக்காகக் குத்திக்கொள்வது போலத்தான் இது. நல்ல சேணம் வாரைக் கட்டுவதற்கு முன்பே முதுகில் ஆடாமல் உட்கார வேண்டும்.

இந்த மூன்றையும் பார்க்காமல் புது வார் வாங்கினால், காசு போகும், கோபம் போகாது.

எந்த வார்?

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்றால், இப்போது கடைக்குப் போகலாம்.

நீளம்தான் முக்கியம். சேணத்தைக் குதிரை மேல் வைத்து, ஒரு பக்கத்து வார்ப்பட்டையின் நடுத் துளையிலிருந்து அடிவழியாக மறுபக்கத்து நடுத் துளை வரையில் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பெரிய குதிரைகளுக்கு 40 அங்குலத்திலிருந்து 54 அங்குலம் வரையில் விற்கிறார்கள். நீண்ட மடல் உள்ள சில சேணங்களுக்கு இதில் ஏறக்குறைய பாதி நீளமுள்ள குட்டை வார் வேண்டும். எதுவானாலும் பக்கிள் முன்னங்கால் மூட்டுக்கு நேர் பின்னால் வந்து விழக் கூடாது. அங்கேதான் தசை அசைகிறது என்று பார்த்தோம் அல்லவா? இரண்டு பக்கமும் சமமான துளைகளில் மாட்டும்படியும் இருக்க வேண்டும்.

அடுத்தது வடிவம். ஒரே நேராக இருக்கும் பட்டையைவிட, முன்னங்காலுக்குப் பின்னால் உள்வாங்கி, மார்பெலும்பின் மேல் அகன்று இருப்பது கூச்சமுள்ள குதிரைக்கு இதமாக இருக்கும். மெல்லிய நாடாவைவிட அகலப் பட்டை வைத்த பாவாடை இடுப்பை உறுத்தாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அகலம் என்று சொல்லி, காலில் இடிக்கும்படி வாங்கிவிடக் கூடாது.

பிறகு துணி விவகாரம். தோல் வார் நெடுங்காலம் உழைக்கும். துடைத்து எண்ணெய் போடாவிட்டால் விறைத்துப் போய் அறுக்கும். அங்கோரா ஆட்டு மயிரில் முறுக்கிய கயிறுகளால் ஆன வாரில் காற்று புகும், வியர்வையும் உலரும். செம்மறித் தோலும் கம்பளியும் மெத்தென்று இருக்கும். ஆனால் வைக்கோல், முள், வியர்வை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அலுப்புப் பார்க்காமல் உதறிச் சுத்தம் செய்பவர்களுக்குத்தான் அது ஏற்றது. நியோப்ரீன் என்னும் ரப்பர் வார் கழுவச் சுலபம். ஆனால் சூட்டைப் பிடித்து வைக்கும். சில குதிரைகளுக்கு அது ஒவ்வாமல் தோல் சிவந்துவிடும். நம் ஊர் வெயிலில் ஜாக்கிரதை வேண்டும்.

சில வார்களின் முனையில் எலாஸ்டிக் வைத்திருப்பார்கள். வைத்தால் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இழுப்பு கோணலாகும். அதோடு, இழுக்க இழுக்க வருகிறதே என்று எத்தனை இறுக்கினோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

கட்டும் விதம்

வாங்கிய வாரை விடப் பெரியது, கட்டுகிற கை.

முதலில் சேணம் நிற்கிற அளவுக்கு மட்டும் தளர்வாக மாட்டுங்கள். குதிரையைப் பத்து அடி நடத்துங்கள். ஒரு துளை ஏற்றுங்கள். இன்னும் கொஞ்சம் நடத்திவிட்டு, இன்னொரு துளை. முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மெல்ல முன்னே நீட்டினால், வாருக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் தோல் விரிந்துகொள்ளும். இறுக்கம் போதுமா என்று பக்கவாட்டில் பார்த்தால் ஏமாந்து போவோம். அங்கே இயற்கையாகவே ஒரு பள்ளம் இருக்கும். அடியில், மார்பெலும்பின் மேல் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். ஏறும்போது தரையிலிருந்து அங்கவடியில் தொங்கிக்கொண்டு ஏறாமல், ஒரு முக்காலி போட்டு ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுபடாது. அதற்காக வாரை அதிகமாக இறுக்கவும் வேண்டியிராது.

எல்லாம் செய்த பிறகும் அந்தப் பெட்டைக் குதிரை சில வாரங்களுக்குக் காதை மடக்கத்தான் செய்யும். வலி போனாலும் ஞாபகம் போக நாளாகும். அதற்கு அடி மருந்தல்ல. அடித்தால், வலிக்கிறது என்று சொல்வதை அது நிறுத்திவிடும், வலி நிற்காது. அடையாளமே காட்டாமல் ஒரு நாள் உதைக்கிற குதிரை, காதை மடக்கி எச்சரிக்கிற குதிரையை விட அபாயமானது. ஆகையால், சகோதரி, உங்கள் பெண் குதிரையின் பின்பக்கம் போகாமல் தோளோரமாக நிற்கட்டும். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிடி புல் கொடுக்கட்டும்.

குதிரை வாங்குகிற வசதி நமக்கெல்லாம் ஏது என்று மற்ற வாசகிகள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கோடை விடுமுறையில் கொடைக்கானல் ஏரிக்கரையிலும், ஊட்டியிலும், சென்னை மெரினாவிலும் குழந்தைகள் "குதிரை, குதிரை" என்று பிடிவாதம் பிடிக்கும்போது நாம்தானே பணம் கொடுக்கிறோம்? ஏற்றிவிடுவதற்கு முன்னால் குனிந்து அந்த வாரை ஒரு தடவை பாருங்கள். வெறும் கயிறு வைத்துக் கட்டியிருந்தாலோ, அடியில் புண் தெரிந்தாலோ, அந்தக் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைக் குதிரைக்காரரிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். அவருக்கும் அந்தக் குதிரைதான் சோறு போடுகிறது. நாலு பேர் கேட்டால், அடுத்த வருஷத்துக்குள் அகலமான பட்டை ஒன்று அவரே தைத்து மாட்டிவிடுவார்.