கிளப் வாத்தியாரும் கல்லூரி வாசலும்

விடியற்காலையில் நீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட மண் கோர்ட்டில் கூடை நிறையப் பந்துகளோடு நிற்கும் டென்னிஸ் பயிற்சியாளர் ஒருவரை, ஓசூரைச் சுற்றியுள்ள பொறியியற் கல்லூரிகளில் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆசானாக நியமிக்க விரும்புமானால், முதலில் குறுக்கே நிற்பது அவருடைய பட்டத்தைப் பற்றிய கேள்விதான். உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு முதுகலைப் பட்டமும், அதன்மேல் நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டுமென்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமாவை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறவாது.

விதியை நான் நிந்திக்கவில்லை. கபடி முதல் சதுரங்கம் வரை சகல விளையாட்டுகளையும், விளையாட்டு விழாவையும், அதற்குரிய காகிதங்களையும் ஒற்றை மனிதராகச் சுமக்கும் இயக்குநருக்குப் படிப்பு அவசியமே. ஆனால், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மெல்லிய காற்றில், சென்னையில் கோட்டுக்குள் விழும் பந்து சற்றே நீண்டு வெளியே போய்விடுவதை உணர்ந்து, மட்டையைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பந்துக்குச் சுழற்சி கொடுக்கச் சொல்லித் தருவது வேறொரு வித்தை. அது கிளப்பில் இருக்கிறது, கல்லூரியில் இல்லை.

1951இல் பள்ளி மாணவராயிருந்த டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன், கல்லூரி மாணவர்களுக்கே உரிய பெர்ட்ராம் போட்டியில் லயோலா கல்லூரி முதல்வரின் விசேஷ அனுமதியால் ஆடி வெற்றி பெற்றார். ஒரு முதல்வரின் மனம் இசைந்தால் விதி எவ்வளவு வளையும் என்பதற்கு இது சாட்சி. பின்னாளில் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மனோ, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பிரையன் போலண்டிடம் பயின்றே 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்நாட்டுக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். எல்லையூரான நம் ஓசூரிலோ, ஆட்டத்தில் சற்றே தேறிய பிள்ளையும் அவனுக்குக் கற்பித்தவரும் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். நாற்பது கிலோமீட்டர்தானே!

கிளப்பிலிருந்து வருபவரும் மாறியாக வேண்டும். அங்கே மணிக்கணக்கில் கட்டணம். வேலிக்கு வெளியே காத்து நிற்கும் பெற்றோரின் திருப்தியே சம்பாத்தியம். கல்லூரியிலோ ஒருவனை ஆடவிட்டு இன்னொருவனை உட்கார வைக்கும் கடினமான அதிகாரம் அவருக்கு வந்து சேர்கிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஒற்றையர் ஆறுக்கும் தனித்தனியே ஒரு புள்ளி, இரட்டையர் மூன்றுக்கும் சேர்த்தே ஒரு புள்ளி என்பதால், அங்கே யாரை யாரோடு இணைப்பது என்பதே பாதி வித்தையாகிறது. செமஸ்டர் தேர்வு நெருங்கினால் கோர்ட் காலியாவதையும் அவர் சகிக்கப் பழக வேண்டும்.

ஆகவே, இயக்குநரின் பதவியைத் தொடாமல், மாலை நேரத்துக்கு மட்டும், குறைந்தது மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கிளப் பயிற்சியாளரைக் கல்லூரிகள் அமர்த்திக் கொள்ளலாம் என்பதே என் யோசனை. ஓராண்டு ஒப்பந்தம் வீண். ஒரு மாணவனின் சர்வைத் திருத்தவே அது போதாது. சம்பளத்துக்கு வழி? அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் இருக்கும் ஊர் இது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அப்பணிகளின் பட்டியலில் உண்டு, டென்னிஸும் ஒலிம்பிக் விளையாட்டே. முதல் விண்ணப்பத்தை எழுத வேண்டியவர் கல்லூரி முதல்வர்.