பதிவுச் சான்றிதழ் இருந்தா போதுமா? கற்றல் குறைபாடு உள்ளவர்களின் இல்லங்களில் நாம் கேட்காத கேள்விகள்

2021 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில், கோலாலம்பூர் வங்சா மாஜுவில் உள்ள ஒரு கொண்டோமினியத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 13 வயதுச் சிறுமி கொடுமைப்படுத்தப்பட்டாள். 'ரூமா போண்டா' என்ற காப்பகத்தை நிறுவியவர் மீது வழக்கு நடந்தது. 2023 மே 3 அன்று செஷன்ஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என அறிவித்து 12 ஆண்டு சிறை விதித்தது.

அந்தத் தீர்ப்பு 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டம் 18 வயதோடு நின்றுவிடும். அதே சிறுமிக்கு 23 வயது என்றால்? மற்ற எல்லாருக்கும் பொருந்தும் தண்டனைச் சட்டத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டம் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அது குடும்பத்துக்குள் நடப்பதற்கு. இல்லத்துப் பணியாளர் அடித்தால், அடிபட்டவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பேச்சே வராதவர் என்ன செய்வார்?

சட்டம் என்ன சொல்லுது?

மலேசியாவில் இதற்கான அடிப்படை, 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது 506-ஆவது சட்டம். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கினால் அது பராமரிப்பு இல்லம். சமூக நலத்துறையிடம் (ஜேகேஎம்) பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். நகராண்மைக் கழகம், தீயணைப்புத் துறையான பொம்பா, சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஆதரவும் வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம். மூன்று பேர் வாழும் சின்ன வீடு இந்தக் கணக்கிலேயே வராது. கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்களுக்குப் பெரிய விடுதியைவிடச் சின்ன வீடே நல்லது என்று உலகம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சின்ன வீட்டைத்தான் நம் சட்டம் கண்டுகொள்வதில்லை. இன்னொன்று: முதியவர், குழந்தை, ஓகேயு கார்டு வைத்திருப்பவர் என எல்லாருடைய இல்லங்களுக்கும் இதே சட்டம்தான். சத்தம் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் 25 வயது இளைஞரின் தேவையும் 80 வயதுப் பாட்டியின் தேவையும் ஒன்றா?

அப்போ ஏன் பல இல்லங்கள் பதிவு செய்யாமலே ஓடுது?

கிள்ளான், பூச்சோங் பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த வரிசை வீடு அல்லது பங்களா. வீட்டைப் பராமரிப்பு இல்லமாக மாற்ற அனுமதி, இரண்டாவது வெளியேறும் வழி, மின்கம்பி மாற்றம் என்று செலவு ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிக்கலாம். வீட்டு உரிமையாளர் சுவரை இடிக்க விடமாட்டார். நடத்துபவர் பலரும் நல்லவர்களே. நாமும் "சேவைதானே செய்றாங்க, லைசென்ஸ் மெதுவா வரட்டும்" என்று விட்டுவிடுகிறோம்.

அந்த இரக்கம் ஆபத்தானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 செப்டம்பரில் நம் கம்போங் டத்தோ கெராமாட்டில் சமயப் பள்ளி விடுதி எரிந்தபோது, கம்பி போட்ட சன்னல்களுக்குப் பின்னால் 23 உயிர்கள் போயின. பொம்பா கேட்கும் அந்த இரண்டாவது கதவு வெறும் ஃபார்ம் விஷயம் இல்லை. 2023-இல் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டது இன்னொரு நினைவூட்டல்.

பதிவு இருந்தால் எல்லாம் சரியா?

இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ, முறையாகப் பதிவான தனியார் மருத்துவமனை. ஒருவருக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு செலவிடப்பட்டது. 2011-இல் பிபிசியின் பனோரமா மறைவாகக் கேமரா வைத்தபோது, கற்றல் குறைபாடு உள்ளவர்களைப் பணியாளர்கள் அடிப்பதும் தரையில் இழுப்பதும் தெரிந்தது. அதற்கு முன்பே ஒரு தாதி புகார் சொல்லியிருந்தார்; கண்காணிப்பு அமைப்பு அதைக் காதில் வாங்கவில்லை. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 6 பேர் சிறை சென்றார்கள்.

பணமும் இருந்தது, பதிவும் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கும் கண்தான் இல்லை.

அடியைவிட எளிதில் மறையக்கூடியது மாத்திரை. கத்துகிறார், தலையை முட்டிக்கொள்கிறார் என்றால் பல் வலியாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், வழக்கம் மாறிய பதற்றமாக இருக்கலாம். ஆள் பற்றாத இல்லத்தில் காரணம் தேட நேரம் இல்லை. தூக்கம் வர மருந்து கொடுத்துவிடுவது சுலபம். இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ள 30,000 முதல் 35,000 பெரியவர்கள் தகுந்த நோய் இல்லாமலேயே மனநல மருந்து எடுக்கிறார்கள் என்று 2015-இல் மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டே அதைக் குறைக்கத் தனி இயக்கம் தொடங்கியது.

பெற்றோர் ஏன் அதிகம் கேட்பதில்லை?

கேட்டால் "அப்போ வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வேலை செய்ய இயலாத ஓகேயுவுக்கான அரசு உதவி 2021 பட்ஜெட்டில் மாதம் 300 வெள்ளியாக உயர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதை வைத்து என்ன செய்ய முடியும்? 1984 முதல் நடக்கும் சமூக மறுவாழ்வு மையங்களான பிடிகே பகலுக்கு மட்டும்தான். ராத்திரிக்கும், அம்மா அப்பா போன பிறகும் யார் பார்ப்பது?

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமைகளைப் பட்டியலிடுகிறது. மீறினால் தண்டனை இல்லை, 41-ஆவது பிரிவு அரசின் மீது வழக்குத் தொடரவும் தடுக்கிறது. ஐநா உடன்படிக்கையை 2010-இல் மலேசியா ஏற்றபோது, 15, 18 ஆகிய பிரிவுகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்றது. 15 என்பது கொடூரமாக, இழிவாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்லும் 19-ஐ ஏற்றுக்கொண்டோம்.

தீபாவளிக்கு அரிசி மூட்டையோடு போகும்போது

ஹாலில் எல்லாரும் புதுச்சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒரு குரூப் போட்டோ, கிளம்பிவிடுவோம். அடுத்த முறை சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஜேகேஎம் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது? ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? கதவுச் சாவி யாரிடம்? மருந்துப் பதிவேடு உண்டா, டாக்டர் கடைசியாக எப்போது அதைப் பார்த்தார்? இவர்களுக்குச் சொந்த உடை, சொந்த அலமாரி இருக்கிறதா? சொல்லாமல் வந்தால் உள்ளே விடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் முகபாவமே பாதி பதில்.

சந்தேகம் வந்தால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம்.