குறிஞ்சி பூக்காத ஆண்டுகளுக்காக ஒரு வேண்டுகோள்

பழனி மலைக்கு வந்து போகிறவர்களுக்கும் இங்கே நிலம் வைத்திருப்பவர்களுக்கும், இம்மலையிலேயே வாழும் நாங்கள் எழுதுவது.

கொடைக்கானலிலும் மூணாறிலும் நீலக்குறிஞ்சி கடைசியாகக் கூட்டமாகப் பூத்தது 2018-ல். அடுத்தது 2030. அந்த ஆண்டு நெருங்கும்போது விடுதி, வேன், படம் என்று பேச்சு தானாகக் கிளம்பிவிடும். நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் கவலை இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றியது. பூ இல்லாதபோது குறிஞ்சி வெறும் புதர். புதரை வெட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் நீலக்குறிஞ்சி 'அழிவாய்ப்புள்ள இனம்' என்று சேர்க்கப்பட்டது. அதுவரை இதன் நிலையை முறையாக மதிப்பிட்டதே இல்லை என்பதுதான் வியப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் 33 கூட்டங்கள், கிழக்கே ஏற்காட்டுப் பக்கம் ஒன்று. உலகில் இருப்பது அவ்வளவே. வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஏற்கெனவே போய்விட்டது.

போனது எப்படி? வெள்ளைக்காரன் காலத்தில் மரமில்லாத புல்வெளி என்றாலே தரிசு என்று எழுதிவைத்தார்கள். பிறகு தேயிலை வந்தது. தோல் பதனிடச் சீகை மரம், கூழ் ஆலைக்கும் விறகுக்கும் தைல மரம், கூடவே பைன் என்று மலை மலையாக நட்டார்கள். வெட்டினாலும் எரித்தாலும் சீகை விதை முளைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் நிழலில் குறிஞ்சிக்கு இடமில்லை; அதற்குத் திறந்த வெயில் வேண்டும்.

மரம் நடுவது புண்ணியம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால்தான் இந்தக் கோரிக்கை சிலருக்குக் கசக்கும்: தயவுசெய்து எங்கள் புல்வெளியில் மரம் நடாதீர்கள். பிறந்தநாளுக்கும் பள்ளி விழாவுக்கும் கன்றுகளோடு மலையேறி வருகிறவர்களின் மனது எங்களுக்குத் தெரியும். ஆனால் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைகைக்கும் அமராவதிக்கும் விடுகின்றன. அங்கே குறையாக எதுவும் இல்லை. நட ஆசையிருந்தால் உங்கள் தெருவில் நடுங்கள். நிழல் அங்கேதான் தேவை.

பாடப்புத்தகத்தில் குறிஞ்சித் திணை படிக்காத பிள்ளை கிடையாது. இலையைக் காட்டி என்ன செடி என்று கேட்டால் சொல்லும் பெரியவர்களே குறைவு. அடையாளம் இதுதான்: புல்வெளிச் சரிவில் முழங்கால் அளவுக்கு நெருங்கி நிற்கும் புதர், எதிரெதிராகத் தடித்த இலை, இலையோரத்தில் சிறு பற்கள், பக்க நரம்புகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். குறிஞ்சி வகையில் வேறு பல செடிகள் உண்டு, அவை வேறு கணக்கில் பூக்கும். ஏதோ ஒன்று பூத்ததும் 'குறிஞ்சி பூத்தது' என்று செய்தி பரவி வண்டிகள் புல்வெளியில் ஏறுவதும் எங்களுக்குப் பழகிப்போன கதை.

வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, நீலக்குறிஞ்சி மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டு நிலத்தில் அதைப் பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். கேரளத்தில் வட்டவடை, கொட்டகாம்பூர் பகுதியில் 2006-லேயே குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பட்டா நிலத்தில் நிற்கும் செடிக்கு இவை பெரிதாக உதவாது. அது முழுக்க உரிமையாளரின் கையில் இருக்கிறது. விடுதி கட்டவோ கேரட் போடவோ சரிவைத் திருத்தும் முன்பு, அங்கே குறிஞ்சி நிற்கிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டை மட்டுமாவது விட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் ஊரிலுள்ள பளியர் பெரியவர்களைக் கேளுங்கள். எந்த அலுவலகத்தையும்விட விரைவாகப் பதில் வரும்.

2030-ல் வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீலக்குறிஞ்சி வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகிற செடி. ஒரு கொத்தைப் பறித்தால் அந்தக் கொத்துக்குரிய விதை போனது போனதுதான். அடுத்த ஆண்டு பூக்கட்டும் என்று சமாதானம் சொல்ல முடியாது. பூ உதிர்ந்து விதை முற்றிச் சிதறச் சில மாதங்களாகும். காய்ந்த தண்டுகள் அப்போது மலை முழுக்க நிற்கும், உடனே கோடையும் வந்துவிடும். 2031 கோடையில் புல்வெளிப் பக்கம் யாரும் அடுப்பு மூட்டாதீர்கள், பீடித் துண்டை எறியாதீர்கள். புகை கண்டால் கடந்து போகாமல் வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள்.