ஹமீது எப்படி 'மீது' ஆனார்?

திருக்கோவிலிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், பெயரைச் சொல்ல நான் விரும்பாத ஓர் ஊரில், ஓர் அச்சகம் உண்டு. ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவாக 2005இல் நாங்கள் சிலர் வெளியிட்ட சிறு மலருக்குப் பக்கம் அமைத்தது அங்கேதான். மலரின் கடைசிப் பதினாறு பக்கங்களும் பெயர்கள். 2004 டிசெம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அவர்களுள் எங்களுக்குத் தெரிந்த ஊர்களைச் சேர்ந்தவர்களின் பட்டியலை வீடு வீடாகச் சென்று தொகுத்தோம். தமிழர், முஸ்லிம் என்று பிரிக்காமல் அகர வரிசையில் அடுக்கினோம்.

மறுபதிப்புக்காக 2025இன் இறுதியில் அங்கு போனேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் கணினிகள் யாவும் புதுப்பிக்கப்பட்டிருந்தன. அதைச் செய்த இளைஞர் பெருமையோடு சொன்னார்: “சேர், பழைய குப்பை எல்லாத்தையும் துடைச்சிட்டன். இப்ப மெசின் பறக்குது பாருங்க.”

பறந்தது உண்மைதான். அவர் துடைத்த குப்பையில் அந்த அச்சகத்தின் பாமினி எழுத்துருவும் இருந்தது.

பாமினிதானே, இணையத்தில் எங்கும் கிடைக்குமே என்பீர்கள். பொறுங்கள். பாமினியில் தட்டிய 'அம்மா'வைக் கணினி தமிழாகச் சேமிப்பதில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கிறது. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. யுனிகோட்டில் தமிழுக்கு 1991 முதலே தனி இடம் இருக்கிறது. அங்கே எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. பாமினியில் எழுத்துரு போனால் தமிழே போய்விடும். போதாததற்கு 'கோ' என்ற ஓரெழுத்து அங்கே கொம்பு, ககரம், அரவு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகக் கிடக்கும். யுனிகோட்டிலோ ககரம் முதலில் வரவேண்டும். மாற்றியாக வேண்டுமென்றால் எந்தக் குறி எந்த எழுத்து என்ற அட்டவணை வேண்டும்.

எங்கள் பக்கத்து அச்சகங்கள் பாமினியை இருந்தபடி வைத்திருக்கவில்லை. எழுத்துரு திருத்தும் மென்பொருள் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார். நபிகளின் பெயரை அடுத்து வரும் ஸலவாத்து முத்திரை, பிறை, வேல் எல்லாம் வெற்றுக் கட்டங்களில் ஏறின. முஸ்லிம் பெயர்களில் ஓயாமல் வரும் ஹகரத்தைக் கைக்கு வசதியான வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத்துருவே அதன் ஒரே ஆவணம்.

எங்கள் மலர் பேஜ்மேக்கர் கோப்பு. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அக்கோப்பை நேரே திறக்கக்கூடிய கடைசி இன்டிசைன், 2012இல் வெளியான சிஎஸ்6. அதை இன்னும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் திறந்து தந்தார். பொதுவான பாமினி மாற்றியில் இட்டோம். தெரியாத குறியென்று ஹகரத்தை அது தள்ளிவிட்டது. ஹலீமா 'லீமா' ஆனார். ஹமீது என்ற மனிதர் 'மீது' என்ற உருபாகிவிட்டார். கடல் கொண்டுபோனவரை இரண்டாம் தடவை நாம் தொலைத்தோம். அச்சான பிரதியைப் பார்க்கலாமே என்றால், என்னிடம் இருந்த ஒன்றைக் கறையான் பாதி தின்றிருந்தது.

'எல்லாம் யுனிகோட் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் பழசைக் கட்டி அழுகிறீர்கள்?' என்று கேட்கும் அறிவாளிகளுக்குச் சொல்கிறேன்: நானும் யுனிகோட்டில்தான் எழுதுகிறேன். பழைய வீட்டிலிருந்து குடிபெயர்வது சரி. பெட்டியை எடுக்குமுன்னே சாவியைக் கிணற்றில் போடுவது எந்த ஊர்ப் புத்தி?

'பழைய கணினி ஒன்றை மூலையில் வைத்திருக்கிறோம்' என்போரும் உண்டு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்தது. இந்தக் கரையின் உப்புக்காற்றில் கேற் கம்பியே நிற்பதில்லை, வன்தட்டு நிற்குமா? இன்னும் சிலர் பீடிஎஃப் இருக்கிறதே என்று ஆறுதல் அடைகிறார்கள். கண்ணால் படிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் 'திருக்கோவில்' என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் அகப்படாது. நூலகம் திட்டம் 2005 முதல் ஈழத்து அச்சுகளை மின்வருடிக் காத்துவருவதை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சகத்துக் கணினியில் கிடக்கும் எழுத்துருவை அவர்கள் வந்து எடுத்துப்போக முடியாது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

மைக்ரோசொஃப்டையும் அடோபியையும் திட்டலாம். அடோபி 2023 ஜனவரியில் டைப் 1 எழுத்துருக்களைக் கைவிட்டபோது நம்மவர் யாரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்போம்? நம்மில் பெரும்பாலோர் பேஜ்மேக்கரைத் திருட்டுத் தட்டில் வாங்கியவர்கள். நானும்தான்.

ஆகவே குற்றத்தை நம் வீட்டுக்குள்ளேயே தேடுவோம். கணினியைத் துடைக்குமுன் எழுத்துருக் கோப்பை மூன்று இடங்களில் பிரதியெடுக்க ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு குறிக்கும் எதிரே அதன் எழுத்தைப் போட்டு ஒரு தாளில் அச்சிட அரை மணி நேரம். பழைய விண்டோஸையும் பேஜ்மேக்கரையும் சேர்த்துப் புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக ஓடவிடலாம்; அதற்கு ஒரு மாலைப்பொழுது. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. இக்கரையின் அச்சகங்களிலிருந்து எழுத்துருக்களைச் சேகரிப்பது இறுதியாண்டு மாணவர் இருவருக்குரிய வேலை. மூத்த பத்திரிகையாளர் என்று மேடையேறும் என் போன்றோர் அதைக் கேட்டதுண்டா? 'அது டெக்னீசியன் வேலை' என்று இருபது ஆண்டுகளாக ஒதுங்கியிருந்தோம். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது குப்பையன்று என்று அவருக்கு யார் சொன்னோம்?

அக்கரைப்பற்றில் ஒருவரிடமிருந்து பழைய குறுந்தட்டு ஒன்று கிடைத்தது. அதிலிருப்பது அந்த எழுத்துருவின் முந்திய வடிவம். ஹகரம் திரும்பிவிட்டது, ஹமீதும் திரும்பிவிட்டார். பதினொரு பெயர்களில் மட்டும் ஓரெழுத்து இன்னும் வெறும் கட்டமாக நிற்கிறது. தாளும் பேனையுமாக மறுபடியும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நான்கு வீடுகளில் ஆள் இருந்தார்கள். மற்ற வீட்டார் எங்கே போனார்களென்று அயலவருக்கும் தெரியவில்லை.